டி.என்.ஏ. சுற்றியிருக்கும் கட்டை: நியூக்ளியோசோம் ஓர் அறிமுகம்

பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் ஒரு கணக்கு வரும். மனித உயிரணு ஒன்றில் ஏறக்குறைய 640 கோடி கார இணைகள், அதாவது டி.என்.ஏ. ஏணியின் படிகள். ஓர் இணைக்கும் அடுத்த இணைக்கும் இடைவெளி 0.34 நானோமீட்டர். இரண்டையும் பெருக்கினால் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். இவ்வளவு நீளமான டி.என்.ஏ., சுமார் 6 மைக்ரோமீட்டர் குறுக்களவே உள்ள உட்கருவுக்குள் இருக்கிறது. மாணவர்கள் பெருக்கிப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். மதிப்பெண் கிடைத்துவிடும், வியப்பு வராது. நானோமீட்டரையும் மைக்ரோமீட்டரையும் யார் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்?

கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கொண்டுவருவோம். பாம்பன், மண்டபம் பக்கம் கைத்தூண்டில் போடுகிறவர்களிடம் இருக்கும் தங்கூசி என்ற நைலான் நரம்பு அரை மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். டி.என்.ஏ.யின் தடிமன் 2 நானோமீட்டர். அது இந்தத் தங்கூசி அளவுக்குப் பருக்க வேண்டுமானால் இரண்டரை லட்சம் மடங்கு பெரிதாக்க வேண்டும். அதே மடங்கில் இரண்டு மீட்டர் நீளம் 500 கிலோமீட்டர் ஆகிவிடும். ராமநாதபுரத்தில் ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை ஏறக்குறைய சென்னையில் இருக்கும். உட்கரு, ஒன்றரை மீட்டர் குறுக்களவுள்ள உருண்டையாகும். அந்த உருண்டைக்குள்தான் இந்த 500 கிலோமீட்டர் தங்கூசியும் போக வேண்டும்.

போகுமா? தாராளமாகப் போகும். கன அளவைக் கணக்கிட்டால், டி.என்.ஏ. உட்கருவில் அடைத்துக்கொள்வது இருபதில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். "இவ்வளவு நீளத்தை இவ்வளவு சிறிய இடத்தில் எப்படித் திணிக்கிறது?" என்றுதான் பல பாடங்கள் தொடங்குகின்றன. அந்தக் கேள்வியே பாதி தவறு என்பது என் கருத்து. இடம் இருக்கிறது. சிக்கல் வேறு.

தங்கூசியை வாளியில் அப்படியே போட்டுவைப்பவர் யாரும் இல்லை. ஒரு கட்டையில் சுற்றித்தான் வைப்பார்கள். இடம் போதாது என்பதற்காக அல்ல. சிக்கு விழாமல் இருக்க வேண்டும், தேவைப்படும்போது தேவையான அளவு மட்டும் விட வேண்டும், மறுபடி சுற்ற வேண்டும். உயிரணுவுக்கும் இதே தேவைகள்தான். 46 துண்டுகளாக இருக்கும் அந்த 500 கிலோமீட்டரில் (முதலாம் குரோமோசோமின் நூல் மட்டும் 21 கிலோமீட்டர்) எங்கோ ஒரு மூலையில் இருக்கும் சில நூறு மில்லிமீட்டரை எடுத்துப் படிக்க வேண்டும். படித்த பின் மூட வேண்டும். உயிரணு பிரிவதற்கு முன் முழு நூலுக்கும் நகல் எடுக்க வேண்டும். இவற்றையெல்லாம் சிக்கு விழாமல் செய்ய வேண்டும்.

கட்டையில் சுற்றுவதற்கு டி.என்.ஏ. எளிதில் இசையாது. அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, அது விறைப்பானது. 50 நானோமீட்டர் நீளத் துண்டு ஏறக்குறைய நேராகவே நிற்கும். இரண்டு, அதன் முதுகெலும்பு முழுவதும் பாஸ்பேட்டுகள். ஒவ்வொரு பாஸ்பேட்டுக்கும் ஓர் எதிர்மின்சுமை, ஆக ஒவ்வொரு கார இணைக்கும் இரண்டு. எதிரும் எதிரும் ஒன்றையொன்று தள்ளும் என்பது பள்ளி இயற்பியல். தன்னைத்தானே தள்ளிக்கொள்ளும் விறைத்த நூலைச் சுற்ற வேண்டுமானால், அதை இழுத்துப் பிடிக்கும் குணம் கட்டைக்கே இருக்க வேண்டும்.

அந்தக் கட்டைதான் ஹிஸ்டோன் என்ற புரதங்களால் ஆனது. எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 என்று நான்கு வகை. ஒவ்வொன்றிலும் இரண்டாக எட்டு மூலக்கூறுகள் சேர்ந்து ஒரு தட்டையான உருளையாக அமைகின்றன. முதலில் எச்3, எச்4 நான்கும் சேர்ந்து நடுப்பகுதியாகும். பிறகு எச்2ஏ-எச்2பி சோடி பக்கத்துக்கு ஒன்றாக வந்து ஒட்டும். இந்தப் புரதங்களின் அமினோ அமிலங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கூடுதலானவை லைசினும் ஆர்ஜினைனும். இவை இரண்டும் நேர்மின்சுமை கொண்டவை. எதிர்மின்சுமை கொண்ட டி.என்.ஏ. வந்து ஒட்டிக்கொள்ள வேறு பசை வேண்டாம்.

எட்டுப் புரதங்களால் ஆன இந்தக் கட்டையைச் சுற்றி டி.என்.ஏ. இடப்பக்கச் சுருளாக ஒன்றே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றுகிறது. சுற்றியிருக்கும் நீளம் 147 கார இணைகள், அதாவது 50 நானோமீட்டர். தனியாக விட்டால் நேராக நிற்கும் அதே நீளம் இங்கே ஏறக்குறைய இரண்டு வளையமாக வளைந்துவிடுகிறது! சுற்றிய கட்டையின் குறுக்களவு 11 நானோமீட்டர், உயரம் அதில் பாதி. கட்டையும் சுற்றிய டி.என்.ஏ.யும் சேர்ந்ததுதான் நியூக்ளியோசோம்.

ஒரு கட்டை முடிந்ததும் நூல் அறுவதில்லை. சிறிது தூரம் வெறுமனே ஓடி அடுத்த கட்டையில் சுற்றுகிறது. இடையில் ஓடும் அந்த இணைப்பு நூலையும் சேர்த்தால் சுமார் 200 கார இணைகளுக்கு ஒரு கட்டை வருகிறது. மனித உயிரணு ஒன்றுக்கு மூன்று கோடி. நூல் கட்டைக்குள் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் எச்1 என்ற ஐந்தாவது ஹிஸ்டோன் வந்து இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது.

நூலில் ஏறக்குறைய பதினான்கு இடங்கள் கட்டையைத் தொடுகின்றன. ஒவ்வொரு தொடுகையும் பலவீனமானது. பதினான்கும் சேரும்போதுதான் பிடி உறுதியாகிறது. வலுவான ஒரே பிணைப்பால் பூட்டியிருந்தால் அதைக் கழற்றவே முடியாது. பல சிறு பிடிகளாக இருப்பதால், ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டே போகலாம். நியூக்ளியோசோமைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்று யாராவது சொன்னால், இதை வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

பிடி வெறும் மின்சுமையால் ஆனது என்றால் அதைத் தளர்த்தும் பொருள் நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் குவிந்து கிடக்கிறது: உப்பு. உப்பு நீரில் கரையும்போது சோடியம், குளோரைடு அயனிகளாகப் பிரிகிறது. அந்த அயனிகள் டி.என்.ஏ.யையும் ஹிஸ்டோனையும் மொய்த்துக்கொண்டு ஒன்றின் மின்சுமையை மற்றது உணராமல் மறைக்கின்றன. உப்பு ஏற ஏறப் பிடி தளரும். லிட்டருக்கு 35 கிராம் அளவில், அதாவது கடல்நீர் அளவு உப்பிலேயே எச்1 கழலத் தொடங்குகிறது. இன்னும் ஏற்றினால் எச்2ஏ-எச்2பி சோடிகள் விலகுகின்றன. லிட்டருக்கு 117 கிராம், வேதியியல் கணக்கில் 2 மோலார், வரும்போது எச்3, எச்4 உட்பட எல்லாம் கழன்று டி.என்.ஏ. வெறும் நூலாகிவிடும். வாலிநோக்கம் உப்பளங்களில் நீர் காயக் காய அடுத்தடுத்த பாத்திகளுக்கு மாற்றுகிறார்களே, அந்தப் பயணத்தின் நடுவழியிலேயே இந்த அளவு வந்துவிடும். உப்பு விளையும் கடைசிப் பாத்தியின் நீரில் லிட்டருக்குச் சுமார் 300 கிராம் கரைந்திருக்கும்.

ஆய்வகங்களில் இதையே தலைகீழாகச் செய்து நியூக்ளியோசோம் தயாரிக்கிறார்கள். தனியாகப் பிரித்த ஹிஸ்டோன்களையும் டி.என்.ஏ.யையும் 2 மோலார் உப்பு நீரில் கலந்துவிட்டு, பல மணி நேரம் எடுத்து உப்பை மெல்ல மெல்லக் குறைக்கிறார்கள். முதலில் எச்3, எச்4 போய் அமரும். பிறகு எச்2ஏ-எச்2பி அமரும். கழன்ற வரிசைக்கு நேர் எதிர் வரிசை. அவசரப்பட்டு உப்பை ஒரேயடியாகக் குறைத்தால், கண்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு கட்டி கட்டியாகிவிடும். அதனால் இந்த வேலைக்குப் பொறுமைதான் முதல் தேவை.

அப்படியானால் கடலிலேயே வாழும் உயிரினங்களின் நியூக்ளியோசோம் எப்படித் தாக்குப்பிடிக்கிறது? உயிரணுவுக்குள் கடல்நீரின் உப்பு வருவதே இல்லை. எலும்பு மீன்கள் செவுள் வழியாக உப்பை வெளியேற்றித் தம் இரத்தத்தின் செறிவைக் கடல்நீரில் மூன்றில் ஒரு பங்கு அளவில் வைத்துக்கொள்கின்றன. திருக்கையும் சுறாவும் யூரியாவைச் சேர்த்துக் கடலுக்கு ஈடுகொடுக்கின்றன. நண்டு, சங்கு, கடல் அட்டை ஆகியவற்றின் உடல் திரவம் கடல்நீரை ஒத்த செறிவுள்ளது. ஆனால் அவற்றின் உயிரணுக்களுக்குள் அந்தச் செறிவில் பெரும்பகுதியை ஈடுசெய்வது உப்பு அல்ல, கிளைசின், டாரின் போன்ற சிறு கரிம மூலக்கூறுகள். உப்பளப் பாத்தியைச் சிவக்கவைக்கும் நுண்ணுயிரிகளில் ஒன்றான துனாலியெல்லா என்ற பாசிக்கும் நம்மைப்போல உட்கரு உண்டு. அது தனக்குள் கிளிசராலை நிறைத்துக்கொண்டு, உப்பைப் பெரும்பாலும் வெளியிலேயே நிறுத்திவைக்கிறது. ஹிஸ்டோனுக்காக மட்டும் இந்த ஏற்பாடு என்று சொல்ல முடியாது. உப்பு மிகுந்தால் பல புரதங்களும் கெடும். ஆனாலும் அந்தச் சிவந்த பாத்தியைப் பார்க்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

இதையெல்லாம் கண்டுபிடித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1884இல் ஆல்பிரெக்ட் கோசல், கூஸ் என்ற பெரிய வாத்தின் இரத்தச் சிவப்பணுக்களிலிருந்து ஹிஸ்டோனைப் பிரித்தெடுத்தார். பறவைகளின் சிவப்பணுக்களில் உட்கரு உண்டு, நம்முடையவற்றில் இல்லை. அதன்பின் தொண்ணூறு ஆண்டுகளாக ஹிஸ்டோன் டி.என்.ஏ.யைப் போர்த்தியிருக்கும் ஏதோ ஒரு பூச்சு என்றே பலர் நினைத்தார்கள். 1973இல் ஆஸ்திரேலியாவில் ஹியூயிஷ், பர்கோய்ன் இருவரும் எலியின் கல்லீரல் உட்கருவில் டி.என்.ஏ.யை நொதியால் வெட்டினார்கள். துண்டுகள் தாறுமாறான நீளத்தில் வராமல் ஒரே அடிப்படை அளவின் மடங்குகளாகவே வந்தன. அந்த அளவுதான் சுமார் 200 கார இணைகள். நொதி கட்டைகளுக்கு இடையில் ஓடும் நூலை மட்டும் வெட்டியிருக்கிறது. அதே காலத்தில் அமெரிக்காவில் ஓலின்ஸ் தம்பதியர் மின்னணு நுண்ணோக்கியில் அந்தக் கட்டைகளையே படம்பிடித்தார்கள். 1974இல் ரோஜர் கோர்ன்பெர்க், எட்டு ஹிஸ்டோன்களுக்கு 200 கார இணைகள் என்ற அமைப்பை முன்வைத்தார். மறு ஆண்டு நியூக்ளியோசோம் என்ற பெயர் வந்தது. 1997இல் கரோலின் லூகரும் டிமத்தி ரிச்மண்டும் உள்ளிட்ட குழு, எக்ஸ் கதிர்ப் படிகவியலால் அதன் உள்ளமைப்பை 2.8 ஆங்ஸ்ட்ராம் (0.28 நானோமீட்டர்) நுணுக்கத்தில் வெளியிட்டது. இன்று பாடப்புத்தகங்களில் வரும் படங்களுக்கு மூலம் அதுதான்.

பாடப்புத்தகப் படங்களில் ஒன்றை மட்டும் சந்தேகத்துடன் பாருங்கள். நியூக்ளியோசோம்கள் வரிசையாகச் சுருண்டு 30 நானோமீட்டர் தடிமனுள்ள ஒழுங்கான குழல் ஆவதாகவும், அந்தக் குழல் மேலும் சுருண்டு குரோமோசோம் ஆவதாகவும் படி படியாக வரைந்திருப்பார்கள். சோதனைக் குழாயில் அந்தக் குழல் உருவாவது உண்மை. உயிரணுவுக்குள் தேடியபோது பெரும்பாலும் அகப்படவில்லை. 2017இல் புதிய நுண்ணோக்கி முறையால் மனித உயிரணுக்களை ஆராய்ந்தபோது 5 முதல் 24 நானோமீட்டர் தடிமனில் ஒழுங்கற்று வளைந்து நெளியும் சங்கிலிகளே தென்பட்டன. ஓரிடத்தில் நெருக்கம், ஓரிடத்தில் தளர்வு. தேர்வில் புத்தகத்தில் உள்ளதை எழுதிவிடுங்கள். மனத்தில் மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான பகுதிக்கு வருவோம். கட்டையில் சுற்றிய நூலில், கட்டையைப் பார்த்திருக்கும் பக்கம் மறைந்துபோகிறது. ஒரு மரபணுவைப் படிக்கத் தொடங்கும் புரதங்கள் அந்த மறைவான பக்கத்தில் உட்கார வேண்டுமானால் இடம் கிடைக்காது. அதனால் நூலைச் சேமித்து வைக்கும் அதே செயல், எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே தீர்மானித்துவிடுகிறது. விளைமீன் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கண்வில்லையில் கிரிஸ்டலின் என்ற ஒளிபுகும் புரதம் நிறைந்திருக்கிறது, தசையில் சுருங்கி விரியும் மயோசின். இரண்டு திசுக்களும் ஒரே முட்டையிலிருந்து வந்தவை, இரண்டிலும் ஒரே டி.என்.ஏ. தசையிலும் கிரிஸ்டலினுக்கான மரபணு இருக்கிறது, ஆனால் அது நெருக்கமாகச் சுற்றிய பகுதிக்குள் அடங்கிக் கிடக்கிறது.

சுற்றைத் தளர்த்த உயிரணுவிடம் பல வழிகள் உண்டு. எதுவும் செய்யாமலே சிறிது தளரும்: நூலின் இரு ஓரங்களும் ஒரு நொடிக்குள் பலமுறை தாமாகவே பிரிந்து மறுபடி ஒட்டிக்கொள்கின்றன. அந்தக் கண்ணிமைப் பொழுதில் ஒரு புரதம் உள்ளே நுழைந்துவிடலாம். நடுப்பகுதி அவ்வளவு எளிதில் பிரியாது. அதற்காக, உயிரணுவின் எரிபொருளான ஏ.டி.பி.யின் ஆற்றலைச் செலவிட்டுக் கட்டையை நூலின் மீது நகர்த்தும் அல்லது அடியோடு கழற்றும் புரத இயந்திரங்கள் இருக்கின்றன.

இன்னொரு வழி நுட்பமானது. எட்டு ஹிஸ்டோன்களின் நுனிகளும் உருளைக்குள் அடங்காமல் வால்போல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. வாலில் லைசின் நிறைய. ஒரு நொதி வந்து லைசின் மீது அசிட்டைல் என்ற சிறு வேதித் தொகுதியை ஒட்டினால் அதன் நேர்மின்சுமை போய்விடும். டி.என்.ஏ. மீதும் அண்டைக் கட்டைகள் மீதும் வாலுக்கு உள்ள பிடி தளரும், அந்தப் பகுதி படிக்க ஏதுவாகத் திறக்கும். உப்பளத்தில் அயனிகள் மொத்தமாகச் செய்வதை, இங்கே நொதி தேவையான இடத்தில் மட்டும் செய்கிறது. வேறொரு நொதி அசிட்டைலை நீக்கினால் பழையபடி இறுகும். இப்படி நீக்கும் நொதிகளைத் தடுக்கும் வொரினோஸ்டாட் என்ற மருந்தை, தோலில் தோன்றும் ஒருவகை லிம்போமாப் புற்றுநோய்க்கு 2006இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள்.

வாலில் மெத்தில் தொகுதியும் ஒட்டும். அதற்கு நேரான ஒரே பொருள் கிடையாது. எச்3 வாலின் நான்காவது அமினோ அமிலமான லைசினில் மெத்தில் ஏறியிருந்தால் அங்கே மரபணு பெரும்பாலும் இயங்கிக்கொண்டிருக்கும். ஒன்பதாவது அமினோ அமிலமான லைசினில் ஏறியிருந்தால் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். மெத்தில் மின்சுமையை மாற்றுவதில்லை. அதை அடையாளம் கண்டு வந்து ஒட்டும் வேறு புரதங்கள்தான் மீதி வேலையைச் செய்கின்றன.

இவ்வளவு பொறுப்புகள் இருப்பதால் ஹிஸ்டோனில் பரிணாமம் கைவைக்கவே தயங்கியிருக்கிறது. பட்டாணிச் செடியின் எச்4ஐயும் கன்றுக்குட்டியின் எச்4ஐயும் 1969இல் ஒப்பிட்டபோது, 102 அமினோ அமிலங்களில் வேறுபட்டவை இரண்டே இரண்டு. பாக் நீரிணையின் கடற்புல்லும் பூக்கும் தாவரம்தான். அதை மேயும் ஆவுளியா என்ற கடற்பசு பாலூட்டி. மேய்வதற்கும் மேயப்படுவதற்கும் கட்டை ஏறக்குறைய ஒன்றே.

ஆனால் எல்லா இடத்திலும் இந்தக் கட்டை இல்லை என்பது இதைவிடச் சுவையானது. விந்தணுவில் படிக்க வேண்டியது எதுவும் இல்லை, சுமந்துகொண்டு போய்ச் சேர்த்தால் போதும். மனிதன் உள்பட பல விலங்குகளின் விந்தணுவில் ஹிஸ்டோன்களில் பெரும்பகுதியை அகற்றிவிட்டு, புரோட்டமின் என்ற வேறு புரதத்தால் டி.என்.ஏ.யை உயிரணு மிக இறுக்கமாகக் கட்டிவிடுகிறது. 1874இல் ஃபிரெடெரிக் மீஷர் ரைன் ஆற்றுச் சால்மன் மீனின் விந்தில் கண்டெடுத்த பொருள் இது. கருவுற்றதும் புரோட்டமினைக் கழற்றி, முட்டையில் இருக்கும் ஹிஸ்டோனில் மறுபடி சுற்ற வேண்டியிருக்கிறது. நம் பவளத் திட்டுகளில் முள் உருண்டையாகக் கிடக்கும் கடல் முள்ளெலி இதிலும் தன் வழியே போகிறது: விந்தணுவிலும் ஹிஸ்டோனையே வைத்துக்கொண்டு, வாலை மட்டும் நீளமாக்கிக்கொள்கிறது.

அதே பவளங்களுக்குள் இன்னும் பெரிய விதிவிலக்கு வாழ்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளங்களுக்கு நிறமும் உணவும் தருபவை அவற்றின் திசுக்களில் குடியிருக்கும் நுண்பாசிகள். வெப்பம் மிகுந்து இவை வெளியேறும்போதுதான் பவளம் வெளுக்கிறது. இவை டைனோபிளாஜெல்லேட் என்ற கூட்டத்தைச் சேர்ந்தவை. 2019 செப்டம்பரில் பாம்பன், மண்டபம் பகுதிக் கடலைப் பச்சையாக்கி மீன்கள் செத்து ஒதுங்கக் காரணமான நாக்டிலூக்காவும் இதே கூட்டம்தான். ஆனால் அதன் உட்கரு கூட்டத்தின் வழக்கத்தோடு ஒத்துப்போவதில்லை என்பதால் அதை விட்டுவிடலாம். பவளப் பாசிகளின் டி.என்.ஏ.யில் மிகப் பெரும்பகுதி நியூக்ளியோசோமாகச் சுற்றப்படுவதே இல்லை. குரோமோசோம்கள் பிரியும் நேரத்தில் மட்டுமன்றி எப்போதும் தடித்து, திரவப் படிகம் போன்ற நிலையில் இருக்கின்றன. ஹிஸ்டோனுக்கான மரபணுக்கள் தொலைந்துபோகவில்லை, ஆனால் புரதம் மிகச் சிறிதளவே இருக்கிறது. அதன் இடத்தைப் பிடித்த புரதங்களில் ஒன்று, வைரஸ்களில் உள்ள ஒரு புரதத்தை ஒத்திருப்பதை 2012இல் கண்டறிந்தார்கள். நண்டுகளைத் தாக்கும் ஹெமட்டோடினியம் என்ற டைனோபிளாஜெல்லேட்டில்தான் அது முதலில் அகப்பட்டது.

கட்டை இல்லாவிட்டால் மரபணுவைத் திறந்து மூடும் வேலை என்ன ஆகும்? இந்தக் கூட்டத்தில் அது பெரும்பாலும் வேறு கட்டத்துக்கு நகர்ந்துவிட்டது. இரவில் ஒளிரும் லிங்குலோடினியம் என்ற டைனோபிளாஜெல்லேட்டில், ஒளிரத் தேவையான ஒரு புரதம் இரவில் கூடிப் பகலில் குறைகிறது. ஆனால் மரபணுவைப் படித்தெடுத்த நகலான செய்தி ஆர்.என்.ஏ. இரவும் பகலும் ஒரே அளவில் இருக்கிறது. மரபணுவைப் படிப்பது நிற்பதே இல்லை. படித்ததிலிருந்து எப்போது புரதம் செய்வது என்பதை மட்டும் அது பொழுது பார்த்து முடிவுசெய்கிறது.